படித்த படிப்புக்கு என்ன வேலை? கொங்கு நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் உப்பு வைப்பதற்குள் கேள்வி வந்துவிடும். “என்ன கண்ணு படிக்கிறே?” பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்றேன். “அதப் படிச்சா என்ன வேலை கண்ணு கெடைக்கும்?” வாத்தியார் வேலை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்ட பெரியப்பா திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு ரசாயனம் சப்ளை செய்பவர். கெமிஸ்ட்ரி படித்த பத்துப் பேரோடு தினமும் போனில் மல்லுக்கட்டுகிற மனிதர். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பட்டம் வாங்கியதும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகலாம் என்று யாரோ சொல்ல, ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அறிவிப்பு வந்த பிறகுதான் படித்துப் பார்த்தேன்: வேதியியல் என்றால் முதுகலை வேண்டும். இளங்கலை போதாது. அந்த விதி 2011-லிருந்து அச்சில் இருக்கிறது. மையத்தில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் போச்சு. அப்புறம் ஒரு சாயப்பட்டறை லேபில் சேர்ந்து, இன்றைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரம்பரை (சொந்தக்காரர்) வீட்டுப் பிள்ளைகள் வந்து கேட்கும்போது நான் சொல்கிற வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டாம் வருடத்தில் தொடங்கினால் நல்லது. கடைசி வருடமானாலும், பட்டம் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வரிசை இதுதான்.

1. முதலில் பாடத்திட்டத்தை எடுங்கள்

பட்டத்தின் பேரை இணையத்தில் தட்டி “என்ன வேலை” என்று தேடினால் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே பட்டியல்தான் வரும். அதை மூடிவிட்டு, உங்கள் கல்லூரி கொடுத்த பாடத்திட்டத்தை எடுங்கள். ஒரு நோட்டில் ஆறு செமஸ்டர் தாள்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் எதிரே, அதைப் படித்ததால் உங்கள் கைக்கும் மூளைக்கும் என்ன செய்ய வருகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். “பகுப்பாய்வு வேதியியல்” என்று எழுதி நிறுத்தினால் பிரயோஜனமில்லை. “டைட்ரேஷன் செய்வேன், பி.எச். பார்ப்பேன், தண்ணீரின் கடினத்தன்மை அளப்பேன்” என்று எழுதினால் அது வேலை கொடுப்பவருக்குப் புரிகிற பாஷை.

மற்ற படிப்புகளுக்கும் இப்படித்தான். ஆங்கில இலக்கியம் படித்தவர் நீண்ட பத்தியைப் படித்து நாலு வரியில் சுருக்குவார், மனம் நோகாமல் மறுத்துக் கடிதம் எழுதுவார். கணிதமோ புள்ளியியலோ படித்தவர் நூறு மாதிரியை எடுத்து ஆயிரத்தைப் பற்றிச் சொல்வார். பி.காம். படித்தவருக்குப் பேரேடும் ஜி.எஸ்.டி.யும். வரலாறு படித்தவர் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, எது நம்பத்தக்கது என்று பிரிப்பார். கடைசியாகச் சொன்னதை யாரும் திறமையாகவே எண்ணுவதில்லை. ஆனால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மூலப்பத்திரம் பார்க்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிடித்த தாளுக்கு ஒரு டிக், வெறுத்ததற்கு ஒரு பெருக்கல் குறி. மதிப்பெண்ணைப் பார்த்து டிக் போடாதீர்கள். பரீட்சை முடிந்த பிறகும் எந்தப் பாடத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தீர்களோ அதற்குப் போடுங்கள்.

2. ஒரு பொருளைப் பிடித்து அதன் பின்னாலேயே போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் ஊரில் இருபது கிலோமீட்டருக்கு ஒரு தொழில். கோவையில் பம்பும் கிரைண்டரும் ஃபவுண்டரியும், திருப்பூரில் பனியன், கரூரில் வீட்டு உபயோகத் துணியும் பஸ் பாடியும், நாமக்கல்லில் முட்டையும் லாரியும், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி, ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளியும், பொள்ளாச்சியில் தேங்காயும் நாரும், சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மில்லும் வெள்ளிக் கொலுசும். இவற்றை நாம் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தே வளர்ந்ததால் உள்ளே தறியும் தையல் மெஷினும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அது பிறந்ததிலிருந்து கப்பல் ஏறும்வரை பின்தொடருங்கள். ஒரு பனியனை எடுப்போம்.

மில்லில் பஞ்சு நூலாகிறது. நூலின் நம்பர், முறுக்கு, வலிமை, ஒரே சீராக இருக்கிறதா என்பதையெல்லாம் சோதிக்க ஒரு லேப் இருக்கிறது. அங்கே நடப்பது பாதி இயற்பியல், பாதி புள்ளியியல். 1956-இலிருந்து கோவையில் இருக்கும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் வேலையில் இந்தச் சோதனைகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

நூல் நிட்டிங் ஆகித் துணியாகிச் சாயப்பட்டறைக்கு வருகிறது. வெளிநாட்டு பையர் உள்ளங்கை அளவு துணியை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பார். அந்த நிறத்தைச் சிறு துண்டில் போட்டுக் காட்டுவதற்கு ‘லேப் டிப்’ என்று பேர். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்கிற கருவி நிறத்தை எண்ணாக்கிக் காட்டும். எந்தச் சாயம் எத்தனை சதவீதம் என்று ரெசிபி போடுவது கெமிஸ்ட்ரிக்காரர். துவைத்தால் சாயம் போகிறதா, வியர்வை பட்டால் என்னாகிறது என்று பார்ப்பவரும் அவரே.

சாயம் போட்ட தண்ணீர் எங்கே போகிறது? இங்கே கொஞ்சம் நிற்கிறேன், என் பிழைப்பே இதுதான். சாயக்கழிவு நொய்யலைப் பாழாக்கிய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் அவை மறுபடி ஓடத் தொடங்கின. அதனால் உயிரியல் முறைத் தொட்டி, ஆர்.ஓ. வடிகட்டி, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, தண்ணீரும் உப்பும் திரும்ப எடுக்கப்படுகின்றன. தொட்டியில் கழிவைத் தின்கிற நுண்ணுயிரிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க மைக்ரோபயாலஜி படித்தவர் உதவுவார், மற்ற அளவெல்லாம் கெமிஸ்ட்ரி. ஒரு நீதிமன்ற உத்தரவு ஒரு படிப்புக்கு இத்தனை மேசை போட்டுக் கொடுத்திருக்கிறது. எனவே ஒரு தொழிலைப் பற்றி விசாரிக்கும்போது, எந்தச் சட்டம் இவர்களை எதைச் செய்யச் சொல்கிறது என்றும் கேளுங்கள்.

அப்புறம் கட்டிங், தையல். ஒரு பனியனைத் தைக்க எத்தனை நிமிடம் ஆக வேண்டும் என்று கணக்கிட்டு லைனைச் சமன்செய்யும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவில் கணக்கு பிடித்தவர்கள் நன்றாக வருகிறார்கள். பையரோடு நாள் முழுக்க மெயிலிலும் போனிலும் பேசி, பட்டன் வரவில்லை, தேதி தள்ளுகிறது என்பதைச் சண்டை வராமல் சொல்கிற மெர்ச்சண்டைசர் வேலையில் ஆங்கில இலக்கியக்காரர்கள் நிறைய. கடைசியில் ஷிப்பிங் பில், எல்.சி. (வங்கியின் கடனுறுதிக் கடிதம்), டியூட்டி டிராபேக் (ஏற்றுமதியானால் திரும்பக் கிடைக்கும் வரி) என்று பேப்பரைச் சரிபார்க்கும் டாக்குமெண்டேஷன் மேசை, அது பி.காம்.

ஒரு பனியனுக்குள் இத்தனை பட்டம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே தொடர்ந்து பாருங்கள். நாமக்கல் முட்டைக்குப் பின்னால் தீவன மில் இருக்கிறது. மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை நச்சு இருக்கிறதா, புரதம் எத்தனை என்று பார்க்கிற லேபில் பயோகெமிஸ்ட்ரிக்கும் மைக்ரோபயாலஜிக்கும் இடமுண்டு. பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுப் பசுமைக் குடில்களுக்கு அனுப்புகிறார்கள், அதில் உப்பு எத்தனை என்று அளக்காமல் கண்டெய்னர் கிளம்பாது. கோவை பம்ப் கம்பெனியில் எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு தண்ணீர் தூக்குகிறது என்று சோதிக்கும் இடமும், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் காலிபரேஷன் லேபும் இயற்பியல் படித்தவர் எட்டிப் பார்க்க வேண்டியவை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடுமுன் நீரோட்டம் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் தேங்காயை நிற்க வைத்துப் பார்ப்பவருக்குத்தான் இன்னும் முதல் மரியாதை, ஆனால் கருவி வைத்துப் பார்க்கும் ஜியாலஜிக்காரரையும் இப்போது கூப்பிடுகிறார்கள். இரண்டு பேரையும் கூப்பிடுகிற தோட்டக்காரர்களும் உண்டு.

ஆராய்ச்சி ஆசை இருப்பவர்களுக்கு: 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலான பறவையியல் மையம் என்று கோவையைச் சுற்றியே எத்தனையோ. இவற்றில் திட்டம் முடியும்வரைக்குமான உதவியாளர் பணிகளுக்கு அவரவர் இணையதளத்தில் அறிவிப்பு வரும். நிரந்தர வேலை கிடையாது. ஆனால் தாவரவியலோ விலங்கியலோ படித்தவருக்கு, மேலே படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

3. முப்பது விளம்பரம்

இப்போது நோட்டில் ஏழெட்டு வேலைப் பெயர்கள் சேர்ந்திருக்கும். பிடித்த மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வேலை விளம்பரம் சேருங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம், நௌக்ரி, லிங்க்டின், ஊர்ப் பத்திரிகையின் வரி விளம்பரம், திருப்பூர் என்றால் கம்பெனி கேட்டில் தொங்குகிற போர்டு, எல்லாமே கணக்கில் உண்டு. விண்ணப்பிக்க வேண்டாம், படிக்க மட்டும். திரும்பத் திரும்ப வருகிற சொற்களை அடிக்கோடிடுங்கள். பத்தில் எட்டு விளம்பரம் எக்செல் கேட்கிறது, உங்கள் பாடத்திட்டத்தில் எக்செல்லே இல்லை என்றால், அடுத்து என்ன கற்க வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து கல்லூரிகளிலேயே இப்படிப்பட்ட கூடுதல் பயிற்சிகள் கிடைக்கின்றன. வருகைப்பதிவுக்காக உட்காராமல், அடிக்கோட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பலன் உண்டு.

ஒரு வேலையில் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள் என்று தெரிய, அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் என்ற இலவச இணையதளம் உதவும். படிப்பின் பேரைக் கொடுத்தால் தொடர்புள்ள வேலைகளையும், ஒவ்வொன்றின் அன்றாடக் காரியங்களையும் வரிசையாகக் காட்டும். சம்பளக் கணக்கும் எதிர்காலக் கணக்கும் அவர்கள் நாட்டுக்கு. காரியப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வரும் விளம்பரத்தைக் கிழித்துப் போடலாம்.

4. கதவு திறந்திருக்கிறதா

நான் கோட்டை விட்ட இடம் இது. எந்த வேலைக்கும் தயாராகும் முன் அதன் தகுதி விதியை நீங்களே, மூல அறிவிப்பிலேயே படியுங்கள். அண்ணன் சொன்னார், யூடியூபில் சொன்னார்கள் என்பது செல்லாது.

உணவுப் பாதுகாப்பு அலுவலரையே எடுத்துக்கொள்வோம். உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், பயோடெக்னாலஜி, வேளாண்மை, கால்நடை, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி போன்றவற்றில் இளங்கலை போதும். வேதியியலுக்கு மட்டும் முதுகலை. இந்திய வனப் பணித் தேர்வுக்கு வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், தாவரவியல், விலங்கியல், நிலவியல் எல்லாம் செல்லும், வேளாண்மையும் பொறியியலும் செல்லும். பி.காம். செல்லாது. குரூப் 1-க்கும், குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கும் எந்தப் பட்டமும் போதும், சில பதவிகளுக்கு மட்டும் குறிப்பிட்ட பாடம் கேட்பார்கள். சி.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல் நேரடியாகப் போக பி.காம். பட்டதாரிக்கு 55 சதவீதம், மற்ற பட்டதாரிகளுக்கு 60.

ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கல்லூரிகள் இப்போது பட்டத்துக்குப் புதுப்புதுப் பேர் வைக்கின்றன. அறிவிப்பில் ஒரு பாடத்தின் பேர் இருந்து, உங்கள் சான்றிதழில் அதற்கு முன்னால் “அப்ளைடு” என்றோ பின்னால் வேறு ஏதோ வாலோ இருந்தால், இரண்டும் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். உங்கள் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்பதைத் துறைத் தலைவரிடமும் பல்கலைக்கழகத்திலும் இப்போதே கேட்டு, ஆணை எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு அன்று ஓடுவதற்கு நேரம் இருக்காது.

அரசுத் தேர்வுதான் என்று முடிவானால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது. பணம் கட்டும் முன் அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள்.

5. அந்த வேலையில் இருப்பவரிடம் இருபது நிமிடம்

கொங்கு நாட்டில் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஒரு நோம்பிக்கு (பண்டிகைக்கு) வருகிற கூட்டத்திலேயே மில்காரர், பண்ணைக்காரர், பேங்க்காரர் எல்லாரும் இருப்பார்கள். சிக்கல் வேறு. ஒரம்பரை நம்மைத் தன் தொழிலுக்கே இழுக்கும், இல்லையென்றால் தன் தொழிலை விட்டு ஓடச் சொல்லும். அதனால் வேலைக்கு ஒருவராக மூன்று பேரைப் பிடித்தால், அதில் இரண்டு பேராவது சொந்தமில்லாதவராக இருக்கட்டும். லிங்க்டினில் உங்கள் கல்லூரிப் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர் பகுதி இருக்கும். என்ன படித்தவர், எந்த ஊரில், எந்த வேலையில் என்று பிரித்துப் பார்க்கலாம். உங்கள் துறையில் ஐந்து வருடம் முன்னால் படித்தவர்தான் சரியான ஆள். இருபது வருடத்துக்கு முந்தியவர் சொல்கிற உலகம் இப்போது இல்லை.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். “வணக்கமுங்க அண்ணா, நான் நம்ம காலேஜ்ல ரெண்டாம் வருசம் மைக்ரோபயாலஜி படிக்கிறேன். வேலை கேட்கலைங்க. உங்க வேலை எப்படி இருக்கும்னு ஒரு இருபது நிமிசம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.” “வேலை கேட்கலை” என்ற வரியைப் பார்த்ததும் பாதிப் பேர் நிம்மதியாகப் பேசுவார்கள்.

கேட்க வேண்டியவை: நேற்று காலையிலிருந்து சாயந்திரம் வரை என்ன செய்தீர்கள்? கல்லூரியில் படித்ததில் எது உதவுகிறது, எது உதவவே இல்லை? இந்த வேலையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில்தான் தங்கம். பெண் பிள்ளைகள் இன்னும் சில கேட்க வேண்டும், கூச்சமே வேண்டாம்: இரவு ஷிஃப்ட் உண்டா, வேன் எதுவரை வரும், இதே மேசையில் கல்யாணத்துக்கு அப்புறமும் வேலை பார்க்கிற பெண்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்வியை ஆண்களிடம் கேட்டால் யோசிப்பார்கள், பெண்களிடம் கேட்டால் உடனே எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

சம்பளத்தை நேராகக் கேட்டால் சங்கடம். “புதுசா வர்றவங்களுக்கு எவ்வளவுங்க தருவாங்க, மூணு வருசத்துல எவ்வளவு ஆகும்?” என்று கேளுங்கள். கைக்கு வருவதா, கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தக் கணக்கா (சி.டி.சி.) என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்று அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள், அதே அளவு அவர்களும் போட வேண்டும். இந்தப் பிடித்தத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். பி.எஃப். பிடித்தம் செய்யாத கம்பெனியைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும். ஊரில் பதினெட்டாயிரம், சென்னையில் இருபத்தைந்தாயிரம் என்றால் ஹாஸ்டல், சாப்பாடு, மாதம் ஒரு தரம் ஊருக்கு வரும் செலவு எல்லாம் கழித்து எழுதிப் பாருங்கள். சில சமயம் ஊர் ஜெயிக்கும். ஆனால் மூன்று வருடம் கழித்து எங்கே நிற்பீர்கள் என்ற கணக்கில் சென்னை ஜெயிக்கலாம். இரண்டு கணக்கையும் போடுங்கள்.

6. பதினைந்து நாள் உள்ளே இருந்து பாருங்கள்

எத்தனை பேரிடம் கேட்டாலும் சாயப்பட்டறையின் வாடை போனில் வராது. எனக்கு மூன்றாம் நாளே பழகிவிட்டது, என்னோடு சேர்ந்த பையன் ஒரு வாரத்தில் போய்விட்டான். கோடை விடுமுறையில் பதினைந்து நாள் சம்பளமில்லாமல்கூட ஒரு லேபிலோ ஆடிட்டர் ஆபீசிலோ பள்ளியிலோ உட்காருங்கள். துறைத் தலைவரின் கடிதம் ஒன்று போதும். கோவை கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கும்போது ஒரு நாள் போய்வாருங்கள். ஸ்டாலில் நிற்பவர்கள் மதிய நேரத்தில் கூட்டம் குறைந்ததும் நன்றாகப் பேசுவார்கள்.

பட்டம் முடித்தவர்களுக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி இருக்கிறது. 1961-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வருகிற இதில், மத்திய அரசின் நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்தால் ஒரு வருடம் உதவித்தொகையோடு நிறுவனத்தில் பழகலாம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே ஏற்கிறது. பொறியியலுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், கலை, அறிவியல் பட்டதாரிகளும் பதியலாம். முடிவில் சான்றிதழ் உண்டு, வேலை உறுதி கிடையாது.

7. வீட்டுத் தொழிலையும் பட்டியலில் எழுதுங்கள்

பண்ணையோ தறியோ மண்டியோ இருக்கிற வீட்டில், “எங்கயும் சரியா வரலைன்னா இங்க வந்து பாத்துக்க” என்பார்கள். அதைக் கடைசிப் புகலிடமாக வைக்காமல், மற்ற மூன்றோடு நாலாவதாக எழுதி அதே கேள்விகளைக் கேளுங்கள். மாதம் கைக்கு எவ்வளவு? கடன் எவ்வளவு? உங்கள் படிப்பால் அங்கே எதை மாற்ற முடியும்? அப்பாவிடம் இருபது நிமிடப் பேட்டி எடுப்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். சாயந்திரம் தோட்டத்தில் தண்ணீர் கட்டும்போது கேட்டால் கொஞ்சம் சுலபம்.

8. ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

நோட்டில் இரண்டு பக்கத்தையும் விரித்துக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் நாலு வேலை. மேலே ஐந்து தலைப்பு: அன்றாடக் காரியம் எனக்கு ஒத்துவருமா, கதவு திறந்திருக்கிறதா, இன்னும் என்ன கற்க வேண்டும், மூன்று வருடத்தில் கைக்கு எவ்வளவு, எந்த ஊர். மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன், மனசுக்குப் பிடித்தது ஜெயிக்கும்படி மதிப்பெண்ணைத் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். காலியாக இருக்கிற கட்டங்களைப் பாருங்கள். எந்த வேலையின் வரிசையில் காலி அதிகமோ, அதைப் பற்றித்தான் இன்னும் ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது.

ராசிபுரம் பக்கத்திலிருந்து மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளை ஒருத்தி போன மாதம் இந்தக் கட்டத்தோடு வந்தாள். ஆஸ்பத்திரி லேப், தீவன மில், உணவுப் பாதுகாப்பு அலுவலர், கிழங்கு மில்லின் பயோகேஸ் பிளான்ட் என்று நாலு வரிசை. ஆஸ்பத்திரி லேபுக்குத் தனியாக டிப்ளமோ கேட்கிறார்கள் என்று தெரிந்து அதன்மேல் கோடு போட்டிருந்தாள். பயோகேஸ் வரிசையில் மூன்று கட்டம் காலி. ஆத்தூர்ப் பக்கம் மில் வைத்திருக்கும் ஒருவரின் நம்பரைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் எடுக்க மாட்டார், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடு என்று சொல்லி அனுப்பினேன்.